நேர்முகப் பரீட்சையில் கண்ணைப் பார்க்காதவருக்குத் தன்னம்பிக்கை இல்லையா?

2024 யூன் 4, இரவு 8.15 — கோப்பாய் வாசகரின் கேள்வி

எனக்கு 26 வயது. பட்டப்படிப்பு முடித்து ஒன்றரை வருடம். போன மாதம் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் நிறுவனக் கிளைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். கொழும்பிலிருந்து வந்த இருவர், இங்கத்தைய ஆள் ஒருவர். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், வேலை கிடைக்கவில்லை. உள்ளே வேலை செய்கிற தெரிந்த அண்ணை ஒருவர் பிறகு சொன்னார்: "பதில் எல்லாம் சரியாம். ஆனால் ஆள் கதிரை நுனியில இருந்து மேசையைப் பாத்துக்கொண்டே கதைச்சவராம். கொன்பிடன்ஸ் இல்லை எண்டு போட்டுட்டினம்." பெரியாக்களுக்கு முன்னால் வேறு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கிறா. யூடியூப்பில் பார்த்தால் கதைப்பதில் 55 வீதம் உடல்மொழி, 38 வீதம் குரல், சொல்லுக்கு 7 வீதம்தான் என்கிறார்கள். அப்படியென்றால் நான்கு வருடம் படித்தது அந்த 7 வீதத்துக்குத்தானா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

யூன் 4, இரவு 10.40

தம்பி, நீர் பிழை ஒன்றும் செய்யவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சம் நாளைக்கு எழுதுகிறேன். நான் 2003இல் வங்கிக் கவுண்டரில் சேர்ந்தவள். கடைசி எட்டு வருடமாக ஆளெடுக்கும் குழுவிலும் இருக்கிறேன். உமக்குப் புள்ளி போட்டவர்கள் இருந்த மாதிரியான கதிரையில் நானும் இருந்திருக்கிறேன், அதனால்தான் எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

யூன் 5, இரவு 9.05

அந்த 7, 38, 55 கணக்கை முடித்துவிடுவோம். அல்பேர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் 1967இல் வேறு ஆட்களோடு சேர்ந்து வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரலில் சொல்லிப் பதிவுசெய்து கேட்க வைத்தார்கள். "இருக்கலாம்" என்ற அளவுக்குச் சின்னச் சொல் ஒன்றை, முகங்களின் படத்தோடு சேர்த்தும் கேட்க வைத்தார்கள். சொன்னவருக்குக் கேட்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. சொல் ஒன்றும் குரல் இன்னொன்றும் முகம் வேறொன்றும் காட்டும்போது மனிதர் எதை நம்புகிறார்கள் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒருவர் தன் விருப்பு வெறுப்பைச் சொல்லும் இடத்துக்கு மட்டுமே இந்தக் கணக்குப் பொருந்தும் என்று மெஹ்ராபியனே பிறகு எழுதியிருக்கிறார்.

இதை எடுத்து எல்லாப் பேச்சுக்கும் பூசிவிட்டார்கள். நிலையான வைப்பை இடையில் முறித்தால் வட்டி எப்படிக் குறையும் என்று கையாலும் முகத்தாலும் மட்டும் ஒரு வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்திப் பாரும். 93 வீதம் போய்ச் சேருமா? உமது நான்கு வருடப் படிப்பு எங்கும் போகவில்லை.

ஆனால் அந்த எண் எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்பதால் உடல் ஒன்றும் பேசவில்லை என்று ஆகாது. அது பேசுகிறது. கேட்கிறவர்கள் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

யூன் 6, இரவு 11.20

இது கொஞ்சம் நீளும். எட்டு வருடத்தில் என்னை விட்டுப் போகாத ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன்.

பயிலுநர் வேலைக்கு ஆள் எடுத்த நாள். மாடியில் ஒரு அறை, நீள மேசை, இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர், அந்தப் பக்கம் ஒரு கதிரை. ஒரு பிள்ளை வந்தா. வாசலில் கால்மிதியைக் கண்டதும் நின்றுவிட்டா, செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியவில்லை. எங்களில் ஒருவரும் "அப்பிடியே வாங்கோ பிள்ளை" என்று சொல்லவில்லை. ஒரு காலைப் பாதி கழற்றி, பிறகு மாட்டிக்கொண்டு வந்தா. பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தா. இருக்கச் சொன்ன பிறகும் அதை மேசையில் வைக்கவில்லை. மடியில் வைத்து, இரண்டு பெருவிரலாலும் விளிம்பை அழுத்திப் பிடித்தபடி இருந்தா. நகத்தடி வெள்ளையாகிவிட்டது. கேள்வி கேட்டால் பதில் அந்த ஃபைலுக்குத்தான் போனது.

எங்கள் புள்ளித் தாளில் "தன்னம்பிக்கை, தோற்றம்" என்று ஒரு கட்டம், பத்துக்கு. நான் 4 போட்டேன். எப்போது போட்டேன் என்பதுதான் விசயம். அந்தப் பிள்ளை இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்குமுன்.

அதன் பிறகு குழுவிலிருந்த மூத்தவர், வட்டிக் கணக்கு எங்கே பழகினீர் என்று கேட்டார். தாய் ஊர்ச் சங்கத்தில் எடுத்த கடனைத் தான்தான் மாதா மாதம் கணக்குப் பார்த்ததாகச் சொல்லத் தொடங்கினா. குறையும் மீதிக்கு வட்டி எப்படி விழும், பிந்திக் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்லச் சொல்ல ஒரு கை ஃபைலை விட்டு எழும்பி வந்து மேசையில் கோடு கீறத் தொடங்கியது. பிறகு மற்றக் கை. முகம் நிமிர்ந்துவிட்டது. மூத்தவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கதைத்தா. கடன் கேட்டு வருகிற ஒரு ஆளுக்கு விளங்கப்படுத்துகிற மாதிரியே இருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது அதே ஆள்தான்.

நான் அந்த 4ஐ வெட்டவில்லை. வெட்டினால் தாள் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேனா, என் முதல் கணிப்பில் இருந்த பிடிவாதமா, இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. மொத்தத்தில் மூன்று புள்ளியால் அந்தப் பிள்ளைக்கு வேலை போனது.

பிறகுதான் ஒரு ஆய்வைப் பற்றி வாசித்தேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரொவ் என்ற இருவரும் 2006இல் வெளியிட்டது. முன்பின் தெரியாத ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதுமாம், நம்பத் தகுந்தவரா, திறமையானவரா என்று மனிதர் முடிவெடுத்துவிடுகிறார்கள். கூடுதல் நேரம் கொடுத்தால் பெரும்பாலும் அந்த முடிவு மாறுவதில்லை, முடிவின் மேல் இருக்கிற உறுதிதான் கூடுகிறது. வாசித்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டேன். கால்மிதியில் நின்ற அந்த அரைச் செருப்புத்தான் ஞாபகம் வந்தது.

யூன் 7, காலை 6.30

மானிப்பாய் அண்ணை கேட்டது: "கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் மனதைப் பூட்டிவிட்டான் என்று அர்த்தமாம், உண்மையா?" அண்ணை, அது வெளிநாட்டுக் கைநூல்களில் இருக்கிற வாசிப்பு. இங்கே முதலாம் வகுப்பில் ரீச்சர் வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை கைகட்டியதுதான். கோயில் வீதியில், பெரியவர் முன்னால், செத்த வீட்டில், எல்லா இடத்திலும் கைகட்டு மரியாதை. அதைக் கொண்டுபோய் நேர்முகப் பரீட்சையில் வைத்தால் "ஆள் ஒட்டமாட்டான்" என்று எழுதுகிறார்கள்.

யூன் 7, இரவு 9.50

சுன்னாகத்திலிருந்து தங்கச்சி ஒருத்தி என்னைத் திருத்தியிருக்கிறா, சரியாகத்தான் திருத்தியிருக்கிறா. கைகட்டு எல்லாம் மரியாதை இல்லை, கோபித்துக்கொண்ட பிள்ளையும் கைகட்டித்தான் இருக்கிறது, "இதை நான் ஏன் செய்யவேணும்" என்கிற உத்தியோகத்தரும் கைகட்டித்தான் நிற்கிறார் என்று. ஓம். காலையில் அவசரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டேன். மரியாதைக் கைகட்டில் தோள் இறங்கி இருக்கும், தலை கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்திருக்கும். கோபக் கைகட்டில் தோள் ஏறும், உடம்பு பின்னுக்குப் போகும். கையை மட்டும் தனியே வெட்டி எடுத்து வாசிக்க ஏலாது.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். எங்கள் நேர்முக அறையில் ஏசி 18இல் ஓடும். பிள்ளைகள் பத்துமணி வெயிலில் சைக்கிளில் வேர்த்துக் குளித்து வந்து அதற்குள் இருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் கையைக் கட்டாமல் என்ன செய்வது? இப்போது நான் போகிற நாட்களில் 26இல் வைக்கச் சொல்கிறேன்.

யூன் 9, மாலை 5.10

கனடாவிலிருந்து ஒருவர், முதல் பார்வை பல நேரம் சரியாகத்தானே இருக்கிறது என்று எழுதி, அம்பாடி, ரோசெந்தால் என்ற உளவியலாளர்களின் 1993 ஆய்வைக் காட்டியிருக்கிறார். ஆசிரியர்கள் படிப்பிக்கும் காட்சியை ஒலி இல்லாமல் அரை நிமிடத்துக்கும் குறைவாக முன்பின் தெரியாதவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் போட்ட மதிப்பீடு, தவணை முழுக்கப் படித்த மாணவர்கள் கடைசியில் போட்டதோடு நன்றாகவே ஒத்துப்போனது. உண்மைதான், நல்ல ஆய்வு, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஆசிரியர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். நேர்முகப் பரீட்சையில் நாங்கள் காண்பது தன்னை நிறுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து காத்திருக்கிற ஒரு ஆளை. அந்த இருப்பில் தெரிவது காத்திருப்புத்தான். வேலை தெரியவேண்டும் என்றால் வேலையைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். என் கதையில் அந்தப் பிள்ளையின் கை ஃபைலை விட்டு எழும்பியது வேலையைச் செய்யத் தொடங்கியபோதுதான்.

யூன் 10, இரவு 10.30

கண். தம்பி, உமது கேள்வியின் நடுவே இருப்பது இதுதான், நான் ஒரு கிழமையாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பா ஏசும்போது அவர் கண்ணைப் பார்த்தால் "என்ன முழிசுறாய்" என்று இன்னும் கூட விழும். பெண்பிள்ளை என்றால் வீதியில் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது. பார்த்தால் "எடுப்பு", அதாவது திமிர் பிடித்தவள் என்ற பேர் ஒரு நாளில் ஊர் முழுக்கப் போய்விடும். இது வளர்ப்பு, இதை எல்லாரும் எழுதிவிட்டீர்கள். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது.

2006 ஆகஸ்டில், போர் நேரம், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடிய பிறகு நான் வேலைக்குப் போன வழியில் இராணுவச் சோதனைச் சாவடிகள். சைக்கிளை விட்டு இறங்கவேண்டும், உருட்டவேண்டும், அடையாள அட்டை கையில் தெரியவேண்டும். அப்பா சொல்லித் தந்தது இவ்வளவுதான்: "கண்ணைப் பாக்காதை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கெதியா நடக்காதை, ஆறுதலாவும் நடக்காதை." காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, வருடக்கணக்கில் என் உடம்பு அதைப் பழகியது. பார்வையை எங்கே வைப்பது என்றால், எதிரே நிற்பவரின் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் கொஞ்சம் கீழே. அங்கே வைத்தால் பயந்ததாகவும் தெரியாது, முறைத்ததாகவும் தெரியாது. 2009இல் போர் முடிந்த பிறகு சாவடிகள் ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. என் கண் அந்தப் பொத்தானை விட்டு எழும்ப இன்னும் சில வருடம் எடுத்தது. கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போனபோது நடத்தியவர் எல்லார் முன்னாலும் சொன்னார், "மிஸ், உங்கள் பார்வையில் தன்னம்பிக்கை குறைவு" என்று. எனக்குக் கோபம் வரவில்லை, வாய் அடைத்துவிட்டது. அவருக்கு எதிலிருந்து தொடங்கி விளங்கப்படுத்துவது?

தம்பி, உமக்கு 26 வயது என்றால் அப்போது எட்டு, ஒன்பது வயது இருந்திருக்கும். அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து போயிருப்பீர். அவர் தலை எப்படிக் குனிந்தது என்று பார்த்துத்தானே வளர்ந்திருப்பீர். உமக்கு அது ஞாபகம் இருக்கா என்று எனக்குத் தெரியாது. குனிந்த கண் எல்லாமே சாவடியிலிருந்து வந்தது என்று நான் சொல்லவரவில்லை, கூச்சமும் வளர்ப்பும் தனியே இருக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் பார்வையை வைத்துப் புள்ளி போட வருகிற ஒருவர், இங்கே நிமிர்ந்து பார்ப்பதற்கு ஒரு காலத்தில் என்ன விலை இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

யூன் 11, மதியம் 1.00

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், சுருக்கமாக.

"கண்ணைப் பார்க்காதவன் பொய் சொல்கிறான், நான் பார்த்தாலே பிடித்துவிடுவேன்" என்று தன் முகாமையாளர் சொல்வதாக ஒருவர் எழுதியிருந்தார். சார்ல்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ என்ற இருவரும் 2006இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொய்யையும் உண்மையையும் மனிதர் பிரித்துச் சொன்னது சராசரியாக 54 வீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். கண்ணை வைத்து ஒருவரைக் கள்ளன் ஆக்காதீர்கள்.

நேர்முகத்துக்கு முன் இரண்டு நிமிடம் கையை இடுப்பில் ஊன்றி அகலமாக நிற்கச் சொல்லும் வீடியோவைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது 2010இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு, ஹோர்மோன் மாறுகிறது என்றார்கள். 2015இல் வேறு ஆய்வாளர்கள் 200 பேரை வைத்துச் செய்தபோது அந்த ஹோர்மோன் மாற்றம் வரவில்லை. முதல் ஆய்வை எழுதிய மூவரில் ஒருவரே 2016இல், அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். நின்றால் மனதுக்குத் தெம்பாக இருக்கிறது என்றால் நில்லுங்கள், தடை இல்லை. அதைவிட, பத்து நிமிடம் முந்திப் போய் முகம் கழுவி வேர்வை காய விடுவது என் அனுபவத்தில் நல்லது.

யூன் 13, இரவு 9.40

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று கேட்டவருக்கு. அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹோல் 1966இல் மனிதருக்கு இடையிலான தூரத்தை நாலாகப் பிரித்தார். ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் வரை நெருங்கிய ஆட்களுக்கு, 1.2 மீற்றர் வரை பழகியவர்களுக்கு, 3.6 மீற்றர் வரை வேலை அலுவல்களுக்கு, அதற்கு மேல் பொதுக்கூட்டம். அவர் பார்த்தது அமெரிக்கர்களைத்தான், மற்ற நாடுகளில் இது மாறும் என்று அவரே விரிவாக எழுதியிருக்கிறார். பென்சன் நாளில் எங்கள் கவுண்டரில் வந்து பார்த்தால் விளங்கும். வயதான அம்மாமார் கண்ணாடியின் ஓட்டை வழியாகக் கதைக்க மாட்டினம். பக்கத்தால் சுற்றி வந்து, என் தோளில் கை வைத்து, காதுக்குள் "பிள்ளை, எவ்வளவு கிடக்கு எண்டு மெல்லமாச் சொல்லு" என்பார்கள். பின்னால் நிற்கிற மருமகனுக்குக் கேட்கக்கூடாது. ஹோலின் கணக்கில் அது தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள தூரம்.

தூரத்தைப் பற்றி நான் பயிலுநர்களுக்குச் சொல்வது குறள் 691.

அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க
இகல்வேந்தர்ச் சேர்ந்தொழுகு வார்.

குளிர் காய்கிறவன் நெருப்பைவிட்டு விலகவும் மாட்டான், அதற்குள் போகவும் மாட்டான், அரசனோடு இருப்பவனும் அப்படி இருக்கவேண்டும். மேலதிகாரியின் மேசைக்கு முன் எங்கே நிற்பது என்பதற்கு இதைவிட வடிவாக ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதே அதிகாரத்தில் 694ஐயும் பாருங்கள்.

செவிச்சொல்லும் சேர்ந்த நகையும் அவித்தொழுகல்
ஆன்ற பெரியா ரகத்து.

பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இன்னொருவர் காதுக்குள் குசுகுசுக்காதே, சேர்ந்து சிரிக்காதே. இது அரசனோடு இருப்பவனுக்குச் சொன்னது. நான் இதை எங்கள் குழுக்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பிள்ளை முன்னால் இருக்க, இரண்டு பேர் தங்களுக்குள் சாய்ந்து பிள்ளைக்கு விளங்காத மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றித்தான் கதைத்திருப்பார்கள். முன்னால் இருக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அதன் பிறகு அந்தப் பிள்ளையின் குரல் இறங்கும், நாங்கள் அதற்கும் புள்ளி குறைப்போம். ஃபோனைப் பார்ப்பது, சுயவிபரத் தாளைப் பிரட்டிக்கொண்டே "ம், சொல்லும்" என்பது, இதெல்லாம் மேசையின் இந்தப் பக்கத்து உடல்மொழி. இதற்குக் கட்டம் போட்ட தாள் எங்கும் இல்லை.

யூன் 16, மாலை 4.20

ஆரம்பத்தில் "நீர் பிழை ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதினேன். இன்று அதைத் திரும்ப வாசித்தேன். மாற்றவில்லை, ஆனால் அதோடு நிறுத்தினால் உமக்கு உதவாது.

நான் கவுண்டரில் சேர்ந்த இரண்டாவது மாதம் என் மேல் முறைப்பாடு வந்தது, "அந்தப் பிள்ளைக்கு எடுப்பு, முகத்தைப் பார்த்துக் கதைக்காது" என்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் காசு எண்ணிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தால் எண்ணிக்கை பிழைக்கும். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயிலில் வந்து நின்றவருக்குத் தெரிந்தது என் தலை உச்சி மட்டும்தான். பக்கத்துக் கவுண்டர் அக்கா ஒரு வழி சொல்லித் தந்தா. காசுக் கட்டைக் கையில் வாங்கும்போது ஒருதரம் முகத்தைப் பார், "இருங்கோ அம்மா, எண்ணிப்போட்டுச் சொல்லுறன்" என்று சொல், பிறகு குனி. இரண்டு நொடி வேலை. அதன் பிறகு முறைப்பாடு வரவில்லை. குனிந்தது அதே தலை. ஏன் குனிகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னதுதான் மாற்றம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நகை அடகுப் பிரிவில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. ஒரு அம்மா காப்பைக் கழற்ற வந்து, அது வருடக்கணக்காகப் போட்டபடியே இருந்ததால் கழலவில்லை. வரிசைக்கு முதுகைத் திருப்பி நின்று இழுத்துக்கொண்டிருந்தா. நான் பின்னுக்குக் கூட்டிப் போய்ச் சவர்க்காரத்தைக் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் பக்கத்தில் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காப்பு தொட்டியில் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். அந்த நேரத்தில் கண்ணுக்குக் கண் பார்த்துச் சிரித்திருந்தால், பயிற்சி வகுப்பில் பத்துக்குப் பத்து வரும், அந்த அம்மாவின் மனம் உடைந்திருக்கும்.

ஆகவே தம்பி, "கண்ணைப் பார்" என்ற ஒரு விதியைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். எதிரில் இருப்பவருக்கு இப்போது என்ன தேவை என்று பாரும். நேர்முகத்தில் இருப்பவர்களுக்குத் தேவை ஒன்றுதான்: இந்த ஆளை நாளைக்கு வாடிக்கையாளருக்கு முன்னால் இருத்தலாமா? அதைத் தெரிந்துகொள்ள உமது முகம் அவர்களுக்குக் கொஞ்ச நேரமாவது வேண்டும்.

யூன் 17, காலை 6.15

சூமில் நேர்முகம் செய்பவருக்கு இரண்டு வரி. எங்கள் தலையாட்டல், அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் சாய்ப்பது, வெளிநாட்டாருக்கு "இல்லை" மாதிரியே தெரியும். என் மச்சாள் ஒருத்தி அப்படி ஆட்டிக்கொண்டே இருந்து, "நான் சொல்வதில் உங்களுக்கு உடன்பாடு இல்லையா" என்று கேட்கும் வரைக்கும் போய்விட்டது. வாயால் "யெஸ்" சொல்லிவிட்டு ஆட்டுங்கள். கமெராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள், அடியில் நாலு கொப்பி வைத்தால் போதும்.

பெண்பிள்ளைகள் கைகுலுக்குவது பற்றிக் கேட்டவருக்கு: அவர்கள் கை நீட்டினால் குலுக்குங்கள், விருப்பம் இல்லை என்றால் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்லுங்கள். வணக்கம் சொன்னதற்காகப் புள்ளி குறைத்த குழு ஒன்றையும் நான் காணவில்லை.

யூன் 20, இரவு 10.00

கோப்பாய்த் தம்பிக்கு அடுத்த மாதம் இன்னொரு நேர்முகம் வந்திருக்கிறதாம், நல்ல செய்தி. நான் பயிலுநர்களோடு செய்கிறதை எழுதுகிறேன்.

கதிரையில் முழுதாக இரும். நுனியில் இருந்தால் தொடை நடுங்கும், அது குரலுக்கு வரும். கை இரண்டும் மேசை விளிம்பில் அல்லது மடியில், ஃபைல் மேசையில். கேட்கும்போது கேட்பவரைப் பாரும். பதிலை யோசிக்கும்போது கண் எங்கே போனாலும் பரவாயில்லை, எல்லாருக்கும் அப்படித்தான். அடம் கெண்டன் என்றவர் 1967இல் இங்கிலாந்தில் ஆட்கள் கதைப்பதைப் படம்பிடித்து நொடி நொடியாகப் பார்த்தார். நீளமாகக் கதைக்கத் தொடங்குகிறவர்கள் பார்வையை விலக்குகிறார்கள், முடிக்கப் போகும்போது திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஆங்கிலேயருக்கே அப்படி என்றால் உமக்கு ஏன் கூச்சம்? கடைசி வசனத்துக்கு மட்டும் திரும்பி வாரும். "இவ்வளவுதான் சேர்" என்று சொல்லும்போது உமது கண் அவர் முகத்தில் இருக்கட்டும். கண்ணே பார்க்க ஏலாவிட்டால் இரண்டு புருவத்துக்கும் நடுவில் பாரும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நான் பொத்தானிலிருந்து புருவத்துக்கு வந்தது அப்படித்தான்.

வீட்டில் ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்து மூன்று நிமிடம் பதிவுசெய்யும். முதல் தரம் பார்க்க வெட்கமாக இருக்கும். இரண்டாம் தரம் ஒலி இல்லாமல் பாரும், ஒரே ஒரு விசயத்தை மட்டும் திருத்தும். நாலையும் ஒன்றாகத் திருத்தப் போனால் பதில் மறந்துவிடும், பதில்தான் முக்கியம்.

யூலை 2, இரவு 8.45

குழுவில் இருப்பவர்களுக்கு. போன கிழமை எங்கள் கிளையில் கேட்டுப் பார்த்தேன், அந்தத் "தன்னம்பிக்கை, தோற்றம்" கட்டத்தை எடுத்துவிடலாமா என்று. மேலிடத்துத் தாள், எடுக்க ஏலாது என்றார்கள். ஆனால் மூன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்பது. ஆளுக்கு ஒரு சின்ன வேலை கொடுப்பது, ஒரு வாடிக்கையாளர் வந்து ஏடிஎம் அட்டை தொலைந்தது என்று பதறினால் எப்படிக் கதைப்பீர் என்று எங்களில் ஒருவரே வாடிக்கையாளராக இருந்து. அந்தக் கட்டத்தை ஆள் எழும்பிப் போன பிறகு கடைசியாக நிரப்புவது. வாசலில் ஒருவர் நின்று, செருப்போடு வரலாம் என்று சொல்லி உள்ளே விடுவதையும் நான் சேர்த்துக் கேட்டேன், அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. உங்கள் தாள்களில் என்ன கட்டம் இருக்கிறது என்று எழுதுங்கள். ஒத்துப் பார்ப்போம்.

யூலை 5, இரவு 9.15

தம்பியின் அம்மா கேட்கச் சொன்னாவாம், பெரியாக்களுக்கு முன்னால் கதிரையில் சாய்ந்து இருப்பது சரியா என்று. அம்மாவிடம் சொல்லும்: சாயச் சொல்லவில்லை, கதிரை நிறைய இருக்கச் சொன்னேன். முதுகு நேராக இருக்கலாம், கால் இரண்டும் நிலத்தில் இருக்கலாம், கால் மேல் கால் போட வேண்டாம். பெரியவர் எழும்பினால் எழும்பும். வெளிக்கிடும்போது வணக்கம் சொல்லும். அவா வளர்த்த மரியாதை ஒன்றும் இதில் போகாது. நம்பாவிட்டால் இன்றைக்கே சாப்பாட்டு மேசைக் கதிரையில் அம்மாவுக்கு முன்னால் ஒருதரம் அப்படி இருந்து காட்டும், அவா என்ன சொல்கிறா என்று நாளைக்கு எழுதும்.